குகைப் படகில் ஆறு பேர்

மார்ச் 4

அக்காவுக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் உறையைக் கவிழ்த்து வைத்திருப்பாய். பரவாயில்லை, நிமிர்த்திப் படி. இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன்.

பள்ளி விடுமுறை விட்டதும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நீ வேலை பார்க்கும் பொழுதுபோக்குப் பூங்காவுக்கு வரலாம் என்று இருக்கிறோம். காலையில் வந்து சாயங்காலம் ஓடிப்போகிற கதை இல்லை. உள்ளேயே விடுதியில் தங்கி, நிதானமாகப் பார்க்க வேண்டும். ரொட்டி வேனை ஓட்ட வேறு ஆளை ஏற்பாடு செய்துவிட்டார் இவர். என் கண்ணாடிக் கடை முதலாளியும் மூக்கால் அழுதுகொண்டே லீவு கொடுத்துவிட்டார். இந்த மாதிரி இடத்துக்கு நாங்கள் போனதே இல்லை. எந்த வாசல் வழியாக நுழைவது, சோறு கட்டிக்கொண்டு வந்தால் விடுவார்களா, மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்வது, எதுவும் தெரியாது. விளம்பரத்தைப் படித்துவிட்டு இவர், "உள்ள போறதுக்கே ஒரு பரீட்சை எழுதணும் போலிருக்கே" என்கிறார். எந்த நாளில் கூட்டம் குறைவு? எந்த அறை எடுக்கலாம்? சின்னவளை எதிலெல்லாம் ஏற்றுவார்கள்?

என் மகள் நாலுக்கு இப்போது பத்து வயது. அவள் தங்கை அஞ்சுவுக்கு ஆறு. பள்ளிக்கூடத்தில் இருவருக்கும் நீளமான பேர்கள் உண்டு. வீட்டில் இன்னும் நீ ஆரம்பித்து வைத்த எண்கள்தான். அஞ்சுவை நீ பார்த்ததே இல்லை. அவளுக்கு உன் மூக்கு.

போனில் கேட்டிருக்கலாமே என்பாய். போனை எடுத்தால் அஞ்சு காதை நீட்டிக்கொண்டு வந்து நிற்பாள். அதோடு, உன் குரலைக் கேட்டால் நான் கேட்க வந்ததைக் கேட்க மாட்டேன், வேறு எதையாவது கேட்டுவிடுவேன்.

தங்கை


மார்ச் 12

சின்னவளுக்கு,

உறையைக் கவிழ்த்து வைக்கவில்லை. சலவைக்குப் போகிற போர்வைக் கட்டுக்கு அடியில் சொருகி வைத்தேன். கட்டை எடுக்க ஆள் வந்தபோதுதான் வேறு வழியில்லாமல் பிரித்தேன்.

கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். செவ்வாயோ புதனோ வாருங்கள். சனி ஞாயிறு வந்தால் பிள்ளைகளின் முதுகைத் தவிர வேறெதையும் பார்க்க முடியாது. பெரிய வாசல் பக்கம் போகாதீர்கள். விடுதியில் தங்குகிறவர்களுக்குத் தோட்டத்துப் பக்கம் தனி வாசல் இருக்கிறது, அதில் காவலுக்கு நிற்பவர் மனிதரோடு மனிதராகப் பேசுவார். சாப்பாடு விட மாட்டார்கள். ஆனால் பிள்ளைகள் இருந்தால் பையைக் குடைவதில்லை, புரிந்துகொள். புதுச் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு வராதே. உன்னைத் தெரியும், வாங்குவாய். மதியத்துக்குள் கொப்புளத்தோடு எங்காவது உட்கார்ந்துகொண்டு எல்லோரையும் திட்டுவாய். அறை கீழ்த்தளத்தில், பின்பக்கமாக எடு. முன்பக்கத்து அறைகளில் ராட்டினத்து வெளிச்சம் சுவரெல்லாம் சுற்றிக்கொண்டே இருக்கும், தூங்க முடியாது. பின்பக்கத்து அறைகளுக்குத் துணி போடுவது என் ஆட்கள்.

அஞ்சுவை ராட்டினத்தில் ஏற்றுவார்கள், குட்டி ரயிலில் ஏற்றுவார்கள், தண்ணீர்ச் சறுக்கில் உன் மடியில் வைத்து ஏற்றுவார்கள். குகைப் படகு மட்டும் வேண்டாம். உள்ளே ஒரே ஈரம், இருட்டு. குழந்தை பயந்துவிடும்.

ஒன்று கேட்கட்டுமா? வருஷா வருஷம் பூங்கா படம் போட்ட வாழ்த்து அட்டை அனுப்பினேன். ஒன்றுக்காவது 'கிடைத்தது' என்று ஒரு வரி போடக் கூடாதா? எத்தனையோ இடத்தில் துணி துவைத்து மடிக்கிற வேலை இருக்க, ஏன் இந்தப் பூங்காவுக்குப் போனாய் என்று நீ இதுவரை கேட்டதில்லை.

பெரியவள்


மார்ச் 20

அக்காவுக்கு,

ஏன் போனாய் என்று கேட்கவில்லைதான். போனாய் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமைக்குச் சொல்லிவிட்டேன். கீழ்த்தளம், பின்பக்கம். ஆனால் குகைப் படகு வேண்டாம் என்றாயே, அதற்காகத்தான் வருகிறோம். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

எண் சொல்கிற பழக்கம் எப்படி வந்தது என்று உனக்கு நினைவிருக்கும். மாடியறையில் எங்களோடு இருந்தபோது, பிள்ளைகளைச் சந்தைக்கு அழைத்துப் போய்ப் பெரியவனைக் கூட்டத்தில் விட்டுவிட்டுப் பேயறைந்த மாதிரி வந்தாய். அன்றிலிருந்து வீட்டை விட்டு எங்கே கிளம்பினாலும், பஸ்ஸில் ஏறினாலும் இறங்கினாலும், வரிசையாக எண் சொல்ல வேண்டும் என்று சட்டம் போட்டாய். இவர் ஒண்ணு. நான் ரெண்டு. பெரியவன் மூணு. அவன் தங்கை நாலு. நீ அஞ்சாக இருந்தாய். நான் மறுபடியும் முழுகாமல் இருக்கிறேன் என்று தெரிந்ததும் அவன்தான் உன்னை நகர்த்தினான். "உள்ள இருக்கிறது அஞ்சு. பெரியம்மா, நீ ஆறுக்குப் போ. நீதான் கடைசி, நீதான் கதவைச் சாத்தணும்." நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய், பிறகு ஒத்துக்கொண்டாய். அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும், "ஆறு, கதவு சாத்தியாச்சு" என்பாய். அதைக் கேட்டால்தான் அவன் நடக்கவே ஆரம்பிப்பான்.

காய்ச்சலில் அவன் போன பிறகும் நாங்கள் எண் சொல்வதை நிறுத்தவில்லை. இவர் ஒண்ணு என்கிறார், நான் ரெண்டு என்கிறேன், கொஞ்சம் நிறுத்துகிறோம், அப்புறம் நாலு. யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. அந்த நிறுத்தம் அவனுக்கானது. அதற்குள்ளேயே அஞ்சு பிறந்தாள், வளர்ந்தாள், அவள் எண்ணைச் சொல்லக் கற்றுக்கொண்டாள். எல்லோர் வீட்டிலும் மூணு என்கிற இடத்தில் பேசாமல்தான் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள் பாவம்.

போன மாதம் கடைத்தெருவில் இறங்கி எண் சொன்னோம். நிறுத்தினோம். நாலு தன் எண்ணைச் சொல்ல வாயைத் திறந்தபோது அஞ்சு அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "இரு அக்கா, அவன் இன்னும் சொல்லி முடிக்கல."

யார் என்று கேட்டேன். "மூணு. அவன் மெதுவா சொல்றான், தூரத்துல இருந்து. உங்களுக்குக் கேக்கலையாம்மா?"

அவளுக்கு அவனைப் பற்றி அதிகம் சொல்லி வளர்க்கவில்லை. ஒரு போட்டோ பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். அன்றிலிருந்து எனக்கு எண் சொல்லவே நடுக்கமாக இருக்கிறது. நிறுத்துகிற அந்த நேரத்தில் நானும் காதைக் கொடுத்துக் கேட்கிறேன். இவரும் கேட்கிறார், முகத்தைப் பார்த்தால் தெரியும். நாலு கேட்காத மாதிரி செருப்பைப் பார்க்கிறாள்.

இவர் எண் சொல்வதை அடியோடு விட்டுவிடலாம் என்றார். எனக்கு மனசு வரவில்லை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். பூங்கா திறப்பதற்கு முன்னால் பத்திரிகையில் வந்த படத்தை அலமாரிக் கதவில் ஒட்டி வைத்தானே, குகைப் படகு படம். அதில் பேனாவால் ஆறு தலை வரைந்திருந்தான். திறந்ததும் முதலில் இதில்தான் ஏற வேண்டும் என்று எல்லோரிடமும் சத்தியம் வாங்கினான். அந்தப் படகில் ஏறுவோம். அங்கே கடைசியாக ஒருமுறை அவனுக்காக நிறுத்துவோம். வெளியே வரும்போது நாலு மூணாகட்டும், அஞ்சு நாலாகட்டும். உயிரோடு இருக்கிற பிள்ளைகள் இருவரும் ஒரு வெற்றிடத்துக்குப் பின்னால் வரிசையில் நின்றுகொண்டிருக்க வேண்டாம்.

அன்றைக்கு நீயும் படகில் வருவாயா? அதைத்தான் போனில் கேட்கப் பயந்தேன்.

தங்கை


மார்ச் 29

சின்னவளுக்கு,

அறை உறுதியாகிவிட்டது. வரவேற்பில் இருக்கிற பெண்ணிடம் என் தங்கை என்று சொல். தலையணை கூடுதலாக வைக்கச் சொல்லியிருக்கிறேன். குட்டி ரயில் காலையில் காலியாக இருக்கும், முதலில் அதில் ஏற்று. ராட்டினத்தை வெயில் தாழ்ந்த பிறகு வைத்துக்கொள்.

குகைப் படகைப் பற்றி இன்னொரு தடவை சொல்கிறேன், கேள். என் துணிக்கிடங்கு அந்தக் குகைக்கு ஒட்டின மாதிரி இருக்கிறது. நடுவில் ஒரு சுவர்தான். நாள் முழுக்க ஜனங்கள் கத்துவது எனக்குக் கேட்கும். ஒரு திருப்பம் இருக்கிறது, அங்கே வந்ததும் எல்லோரும் ஒரே மாதிரி கத்துவார்கள்; அப்புறம் வெளிச்சம் தெரிந்ததும் சிரிப்பார்கள். அது பழகிப் போச்சு. வாசல் திறப்பதற்கு முன்னால் சோதனைக்காக வெறும் படகுகளை விடுவார்கள். அதுதான் எனக்குப் பழகவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் படகு வரும், திருப்பத்தில் கொஞ்சம் நிற்கும், யாரையோ ஏற்றிக்கொள்ள நிற்கிற மாதிரி. பிறகு போகும். குழாயில் தண்ணீர் ஏறுகிற நேரம் அது என்று மெக்கானிக் சொன்னார். சரிதான் என்று தலையாட்டினேன். ஆனாலும் அந்த நேரத்தில் நான் போர்வை உதறுவதை நிறுத்திவிட்டு நிற்கிறேன். என் கூட வேலை செய்கிற பெண், "என்னக்கா, யாராவது கூப்பிட்டாங்களா?" என்று கேட்கிறாள்.

நம்மைப் போன்றவர்களுக்கு அந்த இடம் வேண்டாம். எண்ணை மாற்ற வேண்டுமானால் தோட்டத்தில் உட்கார்ந்து மாற்றுங்கள். வெளிச்சமாக இருக்கும்.

செவ்வாய்க்கிழமை எனக்கு வேலை இருக்கிறது. பெரிய சலவை நாள்.

பெரியவள்


ஏப்ரல் 5

அக்கா,

பெரிய சலவை நாள். நல்லது.

இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இப்போது சொல்லிவிடுகிறேன், வயிற்றில் வைத்துக்கொண்டு அங்கே வந்து குழந்தைகள் முன்னால் கொட்ட வேண்டாம் பார்.

அவன் போனபோது நான் நிறைமாதம். பெட்டியைக் கட்டிக்கொண்டு படியிறங்கினாய். "அங்க வேலை கிடைச்சிருக்கு" என்று இவரிடம்தான் சொன்னாய், என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அஞ்சு பிறந்தபோது ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரி எனக்குத் தலை பின்னிவிட்டாள். வீட்டுக்கு வந்து முதல் தடவை எல்லோரும் வெளியே கிளம்பினபோது எண் சொன்னோம். மூணில் நின்றோம். அது தெரிந்ததுதான். கையிலிருந்த குழந்தைக்காக நானே அஞ்சு என்றேன். அதற்குப் பிறகும் வாசலில் நின்றுகொண்டே இருந்தோம். கதவைச் சாத்த ஆள் இல்லை.

எல்லோரும் எங்கள் வீட்டில் ஒரு ஆள் குறைந்தது என்று நினைக்கிறார்கள். எனக்கு இரண்டு பேர் போனார்கள். செத்துப்போனவனிடம் எனக்குக் கோபம் இல்லை அக்கா. அவன் என்ன செய்வான், குழந்தை. உயிரோடு இருந்துகொண்டு போனவளை என்ன செய்வது என்றுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை.

குகைப் படகில் ஏறத்தான் போகிறோம். நீ வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

தங்கை


ஏப்ரல் 11

சின்னவளுக்கு,

படித்தேன்.

தோட்டத்து வாசலில் உங்கள் பேர் கொடுத்திருக்கிறேன். அஞ்சுவுக்குக் குளிர் தாங்காது என்றால் குகைக்குப் போகும்போது அறையிலிருந்து துவாலை எடுத்துக்கொண்டு போ, யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

பெரியவள்


ஏப்ரல் 27

அக்காவுக்கு,

ஊர் வந்து சேர்ந்தோம். துணியெல்லாம் துவைத்துக் காயப்போட்டு, வேலைக்கும் போக ஆரம்பித்துவிட்டேன். கையும் மனசும் கொஞ்சம் ஓய்ந்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன். ஓயவில்லை, எழுதுகிறேன்.

முதலில் உன்னோடு ஒரு சண்டை. கட்டில் மேல் துவாலைகளை மடித்து முயல்கள் செய்து வைத்திருந்தாய். அழகாக இருந்தன. பிள்ளைகள் இரண்டு பேர், முயல்கள் மூன்று இருந்தன. கை மறதியா, வேண்டுமென்றே செய்ததா என்று நான் கேட்க மாட்டேன். நாலு அதைப் பார்த்துவிட்டு மூன்றாவது முயலை ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்தாள். அதன் பக்கத்தில் யாரையும் உட்கார விடவில்லை.

புதுச் செருப்புதான் போட்டு வந்தேன். கொப்புளமும் வந்தது. சந்தோஷமா?

பூங்கா பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. இவர் குட்டி ரயிலில் முழங்காலை முகவாய்க்கட்டையில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அஞ்சு சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துவிட்டாள். நானும் சிரித்தேன். அப்படிச் சிரித்து எவ்வளவு நாள் ஆயிற்று. அதற்கப்புறம் குகைக்குப் போனோம்.

படகில் இரண்டிரண்டு பேராக மூன்று வரிசை. முன்னால் இவரும் நானும். நடு வரிசையில் நாலு, கடைசியில் அஞ்சு. ஏறினபோது யாரும் யோசிக்கவில்லை. பிறகுதான் பார்க்கிறேன், நாலு ஓரமாக ஒடுங்கிக்கொண்டு பக்கத்து இடத்தை விட்டிருக்கிறாள். அஞ்சுவும் அதே மாதிரி. ஆறு பேருக்கான படகில் நாங்கள் ஆறு பேராகத்தான் உட்கார்ந்திருந்தோம்.

இருட்டினதும் இவர் ஒண்ணு என்றார். நான் ரெண்டு என்றேன். நிறுத்தினோம். படகும் அந்தத் திருப்பத்தில் நின்றது, நீ எழுதின மாதிரியே.

அப்போது நீ "மூணு" என்றாய்.

நீதான் அக்கா. எங்களுக்குப் பின்னால் வந்த படகிலிருந்தாய் என்று நினைக்கிறேன். அவன் சொல்கிற மாதிரியே, கடைசியில் கொஞ்சம் இழுத்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாய். அவன் அப்படிச் சொல்வது நம் வீட்டு ஆட்களுக்குத்தானே தெரியும். முதலில் கோபம்தான் வந்தது, இதில் என்ன விளையாட்டு என்று. அதற்குள் நாலு "நாலு" என்றாள், சத்தமாக, இத்தனை வருஷத்தில் நான் கேட்காத குரலில். அஞ்சு "அஞ்சு" என்றாள். இவர் விம்மி விம்மி அழ ஆரம்பித்துவிட்டார். அவன் போனதிலிருந்து இவர் அழுது நான் பார்த்ததில்லை. அவர் முதுகைத் தடவிக்கொண்டே நானும் அழுதேன். உன் மேலிருந்த கோபமெல்லாம் அந்தத் தண்ணீரிலேயே போய்விட்டது.

வெளிச்சத்துக்கு வந்ததும் எண்ணை மாற்ற வேண்டும் என்று பேச்சு. நாலு, "நான் மூணாக மாட்டேன். ஆள் இருக்குல்ல?" என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தாள். அஞ்சு படகிலிருந்து இறங்கவே இல்லை. "அடுத்தது யாரும்மா? இன்னும் ஒருத்தர் சொல்லலையே?" என்றாள். அவளைத் தூக்கி இறக்கினேன்.

பின்னால் வந்த படகைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அதில் யாரும் இல்லை. நீ வேறு வழியாக இறங்கிப் போயிருப்பாய் என்று நினைத்துத் துணிக்கிடங்குக் கதவுக்கே வந்தோம். உன்னோடு வேலை செய்கிற பெண், நீ வெளியே போயிருப்பதாகச் சொன்னாள். முகத்தைக் காட்டியிருக்கலாம் அக்கா. உள்ளே வந்து அவனுக்காக அதைச் சொல்ல முடிந்தவளுக்கு, எங்கள் முன்னால் வந்து நிற்க என்ன வந்தது?

ஆனாலும் சொன்னாயே. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

தங்கை


மே 3

சின்னவளுக்கு,

இதை உட்கார்ந்து படி. பக்கத்தில் அவர் இருந்தால் நல்லது.

நான் படகில் ஏறவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, இங்கே வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட அந்தப் படகில் ஏறினதில்லை. நான் கிடங்கில்தான் இருந்தேன். நீங்கள் கதவுக்கு வந்தபோதும் உள்ளேதான் இருந்தேன், அலமாரிக்குப் பின்னால் தரையில். வெளியே போனதாகச் சொல் என்று அந்தப் பெண்ணிடம் கெஞ்சினவள் நான்தான். எழுந்து வந்து உன் முகத்தைப் பார்க்கிற நிலையில் நான் இல்லை.

ஏன் என்று சொல்கிறேன்.

நீங்கள் வருகிற நேரம் எனக்குத் தெரியும். சுவரோடு காதை ஒட்டிக்கொண்டு நின்றிருந்தேன். அவருடைய ஒண்ணு கேட்டது. உன் ரெண்டு கேட்டது. உங்கள் குரல்கள் எல்லாம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தன, போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி.

மூணு அப்படி வரவில்லை. பளிச்சென்று கேட்டது. என் பக்கத்திலிருந்து. எனக்குப் பின்னால், மடித்து வைத்த போர்வைகளுக்கு நடுவிலிருந்து, இடுப்பு உயரத்தில். கடைசியில் கொஞ்சம் இழுத்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டுமோ என்னவோ, பார்க்கவில்லை. அந்தப் பெண் அப்போது இஸ்திரி அறையில் இருந்தாள். என் பக்கத்தில் வேறு யாரும் இல்லை.

ஏன் இந்தப் பூங்காவுக்கு வந்தாய் என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். உங்கள் வீட்டில் அந்த நிறுத்தம் வரும்போதெல்லாம் என் வாய் தானாக மூணு என்று சொல்லிவிடும் போலிருந்தது. நிறைமாதமாக இருக்கிறவள் முன்னால் அப்படிச் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று பயந்து ஓடினேன். ஓடுகிறவள் எங்கேயாவது போயிருக்கலாம். அவன் ஒட்டி வைத்த படத்தில் இருந்த இடத்துக்கே வந்தேன், அவன் சார்பில் யாராவது ஒருவர் அங்கே இருக்கட்டும் என்று. தனியாக வந்தேன் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது யோசித்தால், நான் சொல்லாமல் அவன் நகர மாட்டானே. "கதவு சாத்தியாச்சு" என்று காதில் விழுந்தால்தானே நடக்கவே ஆரம்பிப்பான். அன்றைக்குப் படியிறங்கும்போது நான் அதைச் சொல்லவில்லை. கதவைத் திறந்துபோட்டுவிட்டு வந்தேன். அவனும் என் பின்னாலேயே வந்திருக்கிறான், நான் சொல்வேன் சொல்வேன் என்று. உங்கள் வீட்டில் அஞ்சுவுக்கு அவன் குரல் தூரத்திலிருந்து கேட்டதில் என்ன ஆச்சரியம்? அவன் இங்கேயல்லவா இருந்தான்.

மூணு, நாலு, அஞ்சு எல்லாம் கேட்ட பிறகு நான் ஆறு என்று சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். அதற்குள் படகு நகர்ந்துவிட்டது, அல்லது சுவர் தடுத்துவிட்டது. உங்கள் யார் காதிலும் விழவில்லை என்று உன் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. அடுத்தது யார் என்று கேட்டாளே, என் மூக்கை வைத்துக்கொண்டிருக்கிறவள், அவளிடம் சொல்.

வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். மாடியறையில் சாமான் போட்டிருந்தால் ஒதுக்கி வை. கட்டில் ஒன்று போதும் என்று நினைக்காதே. ஜன்னலோரம் வைத்த அந்த முயலை எடுத்து வந்தீர்களா? இல்லையென்றால் நான் ஒன்று செய்து கொண்டு வருகிறேன்.

பஸ்ஸில் ஏறும்போது எண் சொல்லித்தான் ஏறப்போகிறேன், பக்கத்தில் இருப்பவர்கள் பைத்தியம் என்று நினைத்தாலும் சரி. எனக்கு முன்னால் ஒருவன் சொல்ல வேண்டும், அவனுக்காகக் காத்திருந்து ஏறுவேன். அங்கே வந்து சேர்ந்ததும் எல்லோரும் வாசலில் நில்லுங்கள். அதுவரைக்கும் கதவைச் சாத்தாதே. அது என் வேலை.

ஆறு